சந்தையில் வாங்கிய குதிரையின் குடலைக் காப்பது எப்படி? முதல் 30 நாளுக்கான முழு வழிகாட்டி

ஆடி மாதம் அந்தியூர் புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில் தேர்த் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தையில் குதிரை வாங்குகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். முதலில் சுழி பார்ப்பார்கள். பிறகு உதட்டைப் பிரித்துப் பல். அப்புறம் கயிற்றைப் பிடித்து ஓட்டிக் காட்டச் சொல்லி நடை. "இத்தனை நாளா என்ன தீனி போட்டீங்க?" என்று கேட்கிறவர் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம்.

நானும் கேட்காமல் வாங்கியவன்தான். ஏழு வருடத்துக்கு முன்பு நொக்ரா என்று சொல்லும் ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரையை ஓட்டி வந்தேன். விற்றவர் கயிற்றைக் கையில் கொடுக்கும்போதே, "காஞ்ச புல்லும் வேக வெச்ச கொள்ளும்தானுங்ணா தின்னுட்டிருந்துச்சு" என்று சொன்னார். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் புதுக் குதிரை என்ற ஆசையில், அன்றைக்கே அறுத்த கோ-4 என்ற நேப்பியர் ஒட்டுப் புல்லை ஒரு கட்டு போட்டோம். சாயங்காலம் மக்காச்சோள மாவைக் கரைத்து வெல்லம் போட்டு ஒரு அன்னக்கூடை வைத்தோம். மறுநாளும் அதேதான். மூன்றாம் நாள் இரவு அவள் முன்னங்காலால் தரையைத் தோண்டினாள், திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தாள், படுத்து உருண்டாள். மருத்துவர் வந்து மூக்கு வழியாகக் குழாய் போட்டு உயிரைக் காப்பாற்றினார். ஆனால் அந்த வாரமே முன்னங்குளம்பு இரண்டும் சுட்டது. லேமினிடிஸ் என்கிற குளம்பு அழற்சி. நான்கு மாதம் நொண்டினாள்.

மருத்துவர் என்னிடம் அன்று சொன்ன விஷயத்தைச் சுற்றித்தான் இந்த வழிகாட்டி முழுவதும். நாம் வாங்குவது ஒரு குதிரையை மட்டும் அல்ல. அதன் குடலுக்குள், அது தின்று பழகிய தீனிக்கென்றே அமைந்த நுண்ணுயிர்க் கூட்டத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். தீனியை ஒரே நாளில் மாற்றினால் அந்தக் கூட்டம் குலைந்துபோகும்.

குடலுக்குள் என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் படிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

மாடு, ஆடு போலக் குதிரைக்கு அசைபோடும் வயிறு கிடையாது. இரைப்பை மிகச் சிறியது. 500 கிலோ குதிரைக்குக்கூட 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். புல்லின் நாரைச் செரிக்கிற வேலை எல்லாம் பின்குடலில் நடக்கிறது. வலது விலா ஓரத்தில் சுமார் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு பெரிய பை இருக்கிறது. அதைக் குருட்டுக் குடல் என்கிறோம். ஏறத்தாழ 30 லிட்டர் பிடிக்கும். அதை அடுத்து, அதைவிடப் பெரிய பெருங்குடல். இரண்டும் சேர்ந்து ஒரு ஊறல் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கிராம் எடுத்தால் 100 கோடிக்கு மேல் பாக்டீரியாக்கள் இருக்கும்.

அவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ஃபைப்ரோபாக்டர், ருமினோகாக்கஸ் போன்றவை நாரை உடைக்கும். காற்றே படாத இடத்தில் வாழும் பூஞ்சைகள் தடித்த தண்டுக்குள் துளைத்துக்கொண்டு போய் வழி திறந்துவிடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ், லாக்டோபேசில்லஸ் இரண்டும் மாவுச்சத்தைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கக்கும். அந்த அமிலத்தைத் தின்று வாழ வெய்லோனெல்லா, மெகாஸ்ஃபீரா என்று வேறு சில இருக்கின்றன. ஒன்றின் கழிவு இன்னொன்றுக்குச் சாப்பாடு. நுண்ணுயிர்களின் பன்முகத்தன்மை முக்கியம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். வேலைக்கு ஆள் பலவிதமாக இருந்தால், ஒருவர் கைவிட்டாலும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார்.

இந்தக் கூட்டம் செய்து கொடுக்கும் அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலங்கள்தான் புல் தின்னும் குதிரையின் சக்தியில் பாதிக்கும் மேல். பி வகை வைட்டமின்களும் வைட்டமின் கே-யும் அங்கேதான் உற்பத்தி ஆகின்றன.

சிறுகுடல் செரிக்க முடியாத அளவுக்கு மாவுச்சத்தை ஒரே வேளையில் கொட்டினால் மிச்சம் பின்குடலுக்குப் போய் விழும். அமிலம் கக்குகிறவை சில மணி நேரத்தில் பெருகிவிடும். அமிலத்தைத் தின்கிறவை அந்த வேகத்தில் பெருகாது. தொட்டி புளித்துப்போகும். நார் உடைக்கிறவை புளிப்பில் சாகும். சாகும்போது அவற்றின் உடலிலிருந்து நச்சு வெளியாகும். புண்ணான குடல் சுவர் வழியாக அது ரத்தத்தில் கலக்கும். வயிற்று வலியில் தொடங்கியது குளம்பில் போய் நிற்பது இப்படித்தான்.

ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் இங்கே வந்து இறங்கியதையும், வருடம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போனதையும் எழுதி வைத்திருக்கிறார். இங்கே அவற்றுக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுத்தார்கள் என்பதும் அவர் குறிப்பில் இருக்கிறது. நம் வெயிலும் நோயும் தங்கள் பங்கைச் செய்திருக்கும். ஆனாலும் பார்லியும் உலர்ந்த புல்லும் தின்று பழகிய குடலுக்குள் திடீரென்று சோறு போய் விழுந்தால் என்ன ஆகும் என்பதை என் லாயத்தில் கண்ணால் பார்த்தவன் நான்.

படி 1: குதிரையோடு தீனியையும் வாங்குங்கள்

விலை முடிந்ததும் விற்பவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். கடந்த ஒரு மாதமாக என்ன புல், பச்சையா காய்ந்ததா? தானியம் என்ன, எவ்வளவு, எத்தனை வேளை? கடைசியாகக் குடற்புழு மருந்து எப்போது? சமீபத்தில் ஏதாவது ஊசி போட்டார்களா? பதிலைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு அந்தப் பழைய தீனியையே விலைக்குக் கேளுங்கள். 350 கிலோ குதிரை நாளைக்குச் சுமார் 8 கிலோ காய்ந்த புல் தின்னும். கீழே சொல்லப்போகும் கணக்குப்படி மொத்தம் 60 கிலோ பழைய புல் இருந்தால் 12 நாளும் ஓட்டிவிடலாம். அதே அளவுக் கணக்கில் பழைய தானியமும். குதிரைக்குக் கொடுக்கும் விலையில் இது ஒன்றுமே இல்லை.

படி 2: வண்டிப் பயணம்

வண்டியில் ஏற்றும் முன் தானியம் வேண்டாம். வழி நெடுக வாய்க்கு எட்டுகிற மாதிரி வலைப்பையில் பழைய காய்ந்த புல் தொங்கட்டும். குதிரையின் இரைப்பையில் அமிலம் இருபத்து நான்கு மணி நேரமும் ஊறிக்கொண்டே இருக்கும்; வெறும் வயிறு அதற்கு ஆகாது. பட்டினியும் பயண அலுப்பும் சேர்ந்தால் குடல் நுண்ணுயிர்களின் நிலையும் ஆட்டம் காணும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். புது ஊர்த் தண்ணீர் வாசனை பிடிக்காமல் சில குதிரைகள் குடிக்காது. பழைய இடத்துத் தண்ணீர் இரண்டு கேன் கூட வைத்திருப்பது நல்லது.

படி 3: எடையைக் கணக்கிடுங்கள்

கண் அளவு ஏமாற்றும். ஒரு தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். அடுத்து, தோள் முனையிலிருந்து பின்புறத்து எலும்பு முனை வரை நீளம். இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். சுற்றளவு 165, நீளம் 153 என்றால் எடை சுமார் 350 கிலோ. தீனிக் கணக்கு எல்லாம் இந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும்.

படி 4: பன்னிரண்டு நாள் கலவை

முதல் 3 நாள்: முழுக்கப் பழைய தீனி. வீட்டில் எவ்வளவு நல்ல புல் இருந்தாலும் ஒரு கைப்பிடி கூட வேண்டாம். தாத்தா பாட்டி பாசத்தில் நீட்டும் வெல்லம், வாழைப்பழம், சப்பாத்தி எதுவும் வேண்டாம். லாயத்துக் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

4 முதல் 6ஆம் நாள் வரை: முக்கால் பங்கு பழையது, கால் பங்கு புதியது.

7 முதல் 9 வரை: பாதிக்குப் பாதி.

10 முதல் 12 வரை: கால் பங்கு பழையது, முக்கால் பங்கு புதியது.

13ஆம் நாளிலிருந்து முழுக்கப் புதியது.

தானியத்தை மட்டும் மெல்ல மாற்றினால் போதும், புல்லை எப்படி மாற்றினாலும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. காய்ந்த புல்லிலிருந்து பச்சைக்கு மாறுவதும், ஒரு புல் கட்டிலிருந்து வேறு வயலின் கட்டுக்கு மாறுவதும் நுண்ணுயிர்களுக்கு மாற்றம்தான். பங்கைப் பிரிக்கும்போது பச்சைப் புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதையும் மறக்காதீர்கள். ஒரு கிலோ உலர்ந்த சத்துக்குச் சுமார் 5 கிலோ பச்சை வேண்டும்.

லத்தி இளகினால் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். முந்தைய கட்டத்துக்குத் திரும்பி இன்னும் மூன்று நாள் இருங்கள். வைக்கோல் மட்டுமே தின்று வந்த குதிரையாக இருந்தால் 12 நாளை 20 நாளாக நீட்டுவேன். அதன் பின்குடல் நல்ல புல்லையே பார்த்திருக்காது.

தீனி முழுக்க மாறிய பிறகும் உள்ளே கூட்டம் ஒரு நிலைக்கு வர இன்னும் ஒன்றிரண்டு வாரம் ஆகும். தலைப்பில் 30 நாள் என்று போட்டதற்குக் காரணம் அதுதான்.

படி 5: என்ன புல்?

குதிரையின் எடையில் குறைந்தது 1.5 விழுக்காடு உலர்ந்த சத்தாகப் புல் போக வேண்டும். 2 விழுக்காடு இருந்தால் நல்லது. அதையும் இரண்டு வேளையாகக் கொட்டாமல் நாள் முழுக்கக் கொறிக்கிற மாதிரி பிரித்துப் போடுங்கள்.

புல்லில் வகை கூடினால் அதைத் தின்று வாழும் நுண்ணுயிரிலும் வகை கூட வாய்ப்பு உண்டு. மங்கோலியாவில் டாக்கி என்ற காட்டுக் குதிரையின் லத்தியையும் அதே நிலப்பரப்பில் மேயும் வளர்ப்புக் குதிரைகளின் லத்தியையும் ஒப்பிட்டபோது, டாக்கியின் குடலில்தான் கூடுதல் வகை இருந்தது. மானாவாரி மேய்ச்சல் நிலமான நம் கொறங்காட்டைப் போய்ப் பாருங்கள். கொழுக்கட்டைப்புல்லுக்கு நடுவே எத்தனை செடி கொடி! ஒரே கோ-4 புல்லை வருடம் முழுக்க அறுத்துப் போடுவதைவிட, அருகு, கொழுக்கட்டை, கொஞ்சம் வேலிமசால், புல் பங்கில் கால் வாசிக்கு மேற்படாமல் குதிரைமசால் என்று கலந்து போடுவதையே நான் விரும்புகிறேன். குதிரைமசாலில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நேப்பியர், கொழுக்கட்டை போன்ற வெப்ப மண்டலப் புற்களில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள், தீனியிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப் போட்டுவிடும். மசால் அந்தச் சுண்ணாம்பை ஈடு செய்யும்.

தவிர்க்க வேண்டியவற்றையும் சொல்கிறேன். சூபாபுல் தழை வேண்டாம். பிடரியும் வாலும் மயிர் உதிரும். இளஞ்சோளப் பயிர் கூடவே கூடாது. மாட்டுக்குப் போடுகிற பச்சைச் சோளத்தட்டைக் குதிரைக்கும் போட்டால், நாளடைவில் சிறுநீர்ப்பையும் பின்னங்கால் நரம்பும் பாதிக்கப்படலாம். பூஞ்சை பிடித்த கட்டு எதுவானாலும் வேண்டாம். தவிட்டை முக்கிய உணவாக்க வேண்டாம்.

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: கோழித் தீவனத்தையோ, அது கலந்த மிச்சத்தையோ குதிரையின் பக்கத்திலேயே வைக்காதீர்கள். கோழிகளுக்கு ரத்தக் கழிச்சல் வராமல் இருக்க மோனென்சின் என்ற மருந்து கலப்பதுண்டு. கோழி தாங்கும் அளவைக் குதிரையின் இதயம் தாங்காது. நம் பக்கம் ஒரே தோட்டத்தில் கோழிப் பண்ணையும் லாயமும் இருப்பது சகஜம் என்பதால் சொல்கிறேன். சாக்கு, பக்கெட், அகப்பை கூடத் தனியாக இருக்கட்டும்.

படி 6: தானியத்துக்கு ஒரு வரம்பு

எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 1 கிராம் மாவுச்சத்து. இதுதான் வரம்பு. 350 கிலோ குதிரைக்கு ஒரு வேளைக்கு 350 கிராம். ஓட்ஸில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் மாவுச்சத்து என்பதால், வேளைக்கு முக்கால் கிலோ. மக்காச்சோளத்தில் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து. அரை கிலோதான் உச்சம். அதிலும் வேகவைக்காத மக்காச்சோளத்தின் மாவுச்சத்து சிறுகுடலில் சரியாகச் செரிக்காமல் பின்குடலுக்கு நழுவும். என் பெட்டைக்கு நான் செய்தது இதைத்தான்.

கொள்ளு நம் ஊர்க் குதிரைக்குப் பரம்பரைச் சாப்பாடு. ஊறவைத்து வேகவைத்துக் கொடுங்கள். பச்சையாகக் கொடுத்தால் அதிலுள்ள சில பொருட்கள் புரதச் செரிமானத்தைத் தடுக்கும். வேளைக்கு அரை கிலோவுக்கு மேல் போக வேண்டாம். முதலில் புல், அப்புறம் தானியம்.

வண்டி இழுக்காத, சவாரி போகாத, கோயில் விழாவுக்கு மட்டும் அலங்கரித்து நிறுத்தும் குதிரைக்கு, நல்ல புல்லும் உப்பும் தண்ணீரும் இருந்தால் தானியமே தேவைப்படாது.

படி 7: மருந்தில் கவனம்

வாங்கிய வாரமே குடற்புழு மருந்தைக் கொடுத்துவிடும் பழக்கம் இருக்கிறது. தீனி மாற்றமும் மருந்தும் ஒரே நேரத்தில் குடலின் மேல் விழ வேண்டாம். லத்தியில் புழு முட்டை எண்ணிப் பார்த்து, மருத்துவர் சொல்லும் நாளில் கொடுங்கள்.

நோய்க்கிருமிக்குப் போடும் ஆன்டிபயாட்டிக், நல்ல பாக்டீரியாவையும் சேர்த்தே கொல்லும். லின்கோமைசின் போன்ற சில மருந்துகள் குதிரைக்கு உயிரைப் பறிக்கும் பேதியை உண்டாக்கும். மாட்டுக்கு வாங்கி மிச்சம் வைத்த மருந்தைக் குதிரைக்குக் கொடுக்கவே கூடாது.

படி 8: தினமும் லத்தியைப் பாருங்கள்

இதில் அருவருப்புக்கு இடமில்லை. குதிரையின் குடல் நம்மிடம் பேசும் மொழி லத்தி ஒன்றுதான்.

நன்றாக இருக்கும் குதிரை நாளைக்கு 8 முதல் 12 தடவை லத்தி போடும். உருண்டையாக விழும், தரையில் பட்டதும் லேசாகப் பிளக்கும். காலையில் புதிதாக விழுந்த ஒரு உருண்டையைக் கையுறை போட்டுக்கொண்டு இரண்டாக உடைத்துப் பாருங்கள். உள்ளே நார் குட்டையாக, மிருதுவாக இருக்க வேண்டும். விரல் நீளத்துக்கு நார் இருந்தால் மெல்வதில் சிக்கல், பல்லைக் காட்டுங்கள். முழு மக்காச்சோள மணி தெரிந்தால் அந்தத் தானியம் வீண். மேலே சளி பூசினாற்போல் வெள்ளையாக இருந்தால் லத்தி குடலில் தேங்கி வந்திருக்கிறது, தண்ணீர் குடிப்பது குறைவு. மோந்து பார்த்தால் ஊறிய புல் வாசனைதான் வர வேண்டும். புளித்த மாவு வாசனை வந்தால் அன்றைக்கே தானியத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

பரிசோதனைக்கூடப் பொருட்கள் விற்கும் கடையில், புளிப்பை அளந்து காட்டும் பி.எச். தாள் கிடைக்கும். எண் குறையக் குறையப் புளிப்பு கூடுகிறது என்று பொருள். லத்தியைச் சிறிது சுத்தமான தண்ணீரில் பிசைந்து, துணியில் பிழிந்து, அந்த நீரில் தாளை நனையுங்கள். 6.5-லிருந்து 7 பக்கம் இருந்தால் நிம்மதி. 6-ஐ நெருங்கினால் பின்குடல் புளித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, காதை வைத்துக் கேட்பது. வலது பக்கம், கடைசி விலா எலும்புக்குப் பின்னால் மேலே குழிந்திருக்கும் இடத்தில் காதை ஒட்டி வைத்து அசையாமல் நில்லுங்கள். முதலில் ஒன்றும் கேட்காது. ஓரிரு நிமிடத்துக்குள், காலிக் குழாயில் தண்ணீர் இறங்குவது போல நீளமாக ஒரு கடகடப்பு வரும். குருட்டுக் குடல் வேலை செய்கிறது. இடது பக்கமும் மேலும் கீழும் கேளுங்கள். உங்கள் குதிரை நன்றாக இருக்கும்போதே இந்த ஓசையைப் பழகிக்கொண்டால்தான், அது நின்றுபோகும் நாளில் உங்களுக்குத் தெரியும்.

கடைசியாக நான்கு குளம்பிலும் உள்ளங்கையை வையுங்கள். முன்குளம்பு வழக்கத்தைவிடச் சூடாகத் தெரிந்தால் காத்திருக்காதீர்கள்.

படி 9: வலி வந்துவிட்டால்

தரையைத் தோண்டுவது, விலாவைத் திரும்பிப் பார்ப்பது, மேல் உதட்டைச் சுருட்டுவது, படுத்து எழுந்து படுப்பது, லத்தி நின்றுபோவது. இவற்றில் ஏதாவது தென்பட்டால் தீனியை எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். அரசு கால்நடை ஆம்புலன்சுக்கு எண் 1962. நாடியைத் தாடை எலும்பின் கீழ் விரல் வைத்து எண்ணிச் சொல்லுங்கள். அமைதியாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். 60-ஐத் தாண்டினால் அவசரம்.

ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, விளக்கெண்ணெய் என்று மூங்கில் குழாயால் வாயில் ஊற்றாதீர்கள். வலியில் துடிக்கும் குதிரைக்கு அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். குதிரைக்கு வாந்தி எடுக்கவும் முடியாது. வயிற்றுக்குள் மருந்து போக வேண்டுமானால் மருத்துவர் குழாய் போட்டுத்தான் போக வேண்டும்.

படி 10: புரோபயாடிக், பரிசோதனை

நல்ல நுண்ணுயிர்களைப் பொடியாக்கி விற்பதுதான் புரோபயாடிக். அதில் ஈஸ்ட் பொடி நார்ச் செரிமானத்துக்குக் கொஞ்சம் உதவும் என்பதற்கு ஆதாரம் உண்டு. மற்றப் பொடிகளில் பலவற்றுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. குட்டிகளுக்கு ஒரு வகை லாக்டோபேசில்லஸ் கொடுத்துப் பார்த்த ஆய்வில், கொடுத்த குட்டிகளுக்குத்தான் பேதி அதிகமானது. முதலில் புல்லுக்குச் செலவழியுங்கள்.

கடுமையான பேதியில், நலமான குதிரையின் லத்தியைக் கரைத்து வடிகட்டிக் குழாய் வழியாக நோயாளிக் குதிரைக்குச் செலுத்தும் சிகிச்சையும் இருக்கிறது. கொடுக்கும் குதிரைக்குப் புழுவோ, சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமியோ இல்லை என்று சோதித்த பிறகு மருத்துவர் செய்ய வேண்டியது அது.

எந்தெந்த பாக்டீரியா இருக்கிறது என்று மரபணு வரிசை பார்க்கும் சோதனை செய்வதாக இருந்தால், இப்போதுதான் விழுந்த உருண்டையின் நடுப்பகுதியை மண் படாமல் எடுத்து உடனே உறைய வையுங்கள். ஒரு தடவை வரும் எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரே தீனி தின்னும் இரண்டு குதிரைகளுக்குள்ளேயே கூட்டம் வேறுபடும். அதே குதிரையை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால்தான் பயன். அதிலும் லத்தி காட்டுவது பெருங்குடலின் கடைசிப் பகுதியை. குருட்டுக் குடலின் நிலையை அது முழுமையாகச் சொல்லாது.

சினைக் குதிரையோ குட்டியோடு தாயோ வாங்கினால்

பிறக்கும் குட்டியின் குடலில் நுண்ணுயிர் ஏறக்குறைய இருக்காது. தாயின் தோல், மடி, லாயத்து மண் எல்லாவற்றிலிருந்தும் அது சேர்த்துக்கொள்ளும். முதல் சில வாரங்களில் தாய் போட்ட லத்தியைக் குட்டி முகர்ந்து நக்கித் தின்னும். அடித்து விரட்டாதீர்கள். நாரைச் செரிக்கப் போகிற கூட்டத்தைத் தாயிடமிருந்து அது வாங்கிக்கொள்ளும் வழி அது. அதனாலேயே தாய்க்குப் புழு இல்லாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். இரண்டாவது வாரத்தை ஒட்டி லேசான பேதி வருவதும் உண்டு. குட்டி துறுதுறுவென்று பால் குடித்துக்கொண்டிருந்தால் பயம் இல்லை. சோர்ந்து பாலை விட்டுவிட்டால் அன்றே மருத்துவர். இரண்டு மாத வாக்கில் குட்டியின் குடல் பெரிய குதிரையின் குடலை நெருங்கிவிடும்.

அந்த வெள்ளைப் பெட்டை இப்போது மூன்று குட்டிக்குத் தாய். மூத்த ஆண்குட்டியைப் போன ஆடியில் சந்தைக்கு ஓட்டிப் போய் விற்றேன். வாங்கியவர் கயிற்றைப் பிடித்ததும், அவர் வண்டியில் என் காட்டுப் புல் 60 கிலோவும் ஒரு சாக்குக் கொள்ளும் ஏற்றினேன். "இதுக்கு எவ்வளவுங்ணா?" என்றார். "பணம் வேண்டாந் தம்பி, மொத மூணு நாளைக்கு இதத் தவிர வேற எதையும் கண்ணுல காட்டிராத" என்று சொல்லித் தீனித் தாளை அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்பினேன்.